ஜீப் வராத நாளில் பால்வாடி

"புள்ள பேசுதா?" என்று கேட்காத ஆள் அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் கிடையாது. கடைக்குப் போனால் கேட்பார்கள். குழாயடியில் கேட்பார்கள். பஸ்ஸுக்கு நின்றால், யாரென்றே தெரியாத ஒரு அம்மாள் என் மகளின் முகவாயைப் பிடித்து, "உன் பேரு என்னா கண்ணு?" என்பாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அம்மாள் என்னைப் பார்ப்பாள். "இன்னும் பேச்சு வரலைங்க" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த முகத்தில் ஒரு "ஐயோ பாவம்" வரும். அதையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அலுத்துப்போய் ஒரு நாள் ஒருத்தியிடம், "காலையில நிறைய பேசிட்டா, இப்ப ஓய்வு எடுக்கறா" என்றேன். அன்றிலிருந்து ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும். அந்த வீட்டில் யாராவது ஒருத்தி பேசத்தானே வேண்டும்!

எங்கள் ஊர் நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் பொம்மிடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புகுந்த வீட்டில் பேசுவது தெலுங்கு, எனக்குத் தெரிந்தது தமிழ். கணவர் பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகைக்குக் கொடுப்பார், பஞ்சர் ஒட்டுவார். மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. காது நன்றாகக் கேட்கும். சொம்பை எடுத்து வா என்று நான் தமிழில் சொன்னாலும் எடுத்து வருவாள், மாமியார் தெலுங்கில் சொன்னாலும் எடுத்து வருவாள். வாயைத் திறந்தால் மட்டும் "ஆ", "ம்" தவிர எதுவும் வராது.

வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தோம். தேன் தடவினோம். கிளி கொத்திப் போட்ட பழத்தைத் தின்றால் பேச்சு வரும் என்று மாமியார் சொல்ல, கணவர் விடியற்காலையில் மாந்தோப்பு மாந்தோப்பாகப் போய் மரத்தடியில் பொறுக்கி வந்தார். அந்த வருஷம் என் மகள் தின்ற மாம்பழத்துக்கு அவள் மேடையேறிப் பேசியிருக்க வேண்டும். வயிற்றுப்போக்குதான் வந்தது.

கடைசியில் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "நாக்கு நல்லாத்தானே இருக்கு. வீட்டுல என்ன பாஷை பேசறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதான். பிள்ளைக்கு எதைப் பிடிக்கறதுன்னு தெரியலை. ஒரே பாஷையா பேசுங்க. பக்கத்துல பால்வாடி இருந்தா சேத்து விடுங்க. நாலு பிள்ளைங்க பேசறதைக் கேட்டா தானா வந்துரும். அஞ்சு வயசுக்குள்ள வரலைன்னா அப்புறம் கஷ்டம்மா" என்றார். வெளியே இன்னும் வரிசை நின்றது. அதோடு அனுப்பிவிட்டார்.

ஒரே பாஷை என்பதை வீட்டில் வந்து சொன்னதும் பெரிய ரகளை. "நா வூட்ல நா பாஷ நான் பேசக்கூடாதா?" என்று மாமியார் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகக் கத்தினார். கொஞ்ச நாள் கழித்து அவரே குழந்தையின் எதிரில் பேசுவதை விட்டுவிட்டார். அவருக்குத் தமிழில் கொஞ்ச வராது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பேசாத ஆள் வீட்டில் இரண்டாக ஆனதுதான் மிச்சம்.

மனதில் தைத்தது டாக்டர் சொன்ன மற்ற இரண்டும்தான். பால்வாடியில் சேர்க்க வேண்டும், அஞ்சு வயதுக்குள் பேச்சு வர வேண்டும். அஞ்சு முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. பேசாத பிள்ளையை அங்கே எந்த வாத்தியார் வைத்துக்கொள்வார்? மாடு மேய்க்கத்தான் அனுப்புவார்கள். அது என் மகளுக்கு நடக்கக் கூடாது. எனக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை.

பால்வாடி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். நடுவில் ஒரு கிளுவை வேலி மட்டும். சத்துணவு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஓட்டுக் கட்டடத்தில் ஒரே அறை, வெளியே சமையலுக்கு ஒரு சாய்ப்பு. டீச்சர் ஒருத்தி, சமைக்கிற ஆயாம்மா ஒருத்தி. மகளுக்குத் தலை வாரி, பூ வைத்து, புதுத் தட்டு ஒன்றையும் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

டீச்சர் கெட்டவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிற்பாடு நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கும். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பேச்சு வராத பிள்ளையை இங்க சேக்கக் கூடாதுங்க. ஒண்ணுக்கு வருதுன்னாக்கூடச் சொல்லத் தெரியாது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு சேலத்துல தனியா பள்ளிக்கூடம் இருக்குது. அங்கேயே தங்க வெச்சி சொல்லித் தராங்க" என்றாள்.

"அவளுக்குக் காது கேக்குதும்மா."

"எதுக்கும் போய்க் கேட்டுப் பாருங்கக்கா."

கேட்டுப் பார்ப்பது என்றால் சும்மாவா? நல்லம்பள்ளிக்கு நடை, அங்கிருந்து சேலம் பஸ். தொப்பூர் கணவாய் வளைவுகளில் மகள் என் புடவை மேல் வாந்தி எடுத்தாள். நாற்றத்தோடு போய்த்தான் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன். உள்ளே பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டு ஓடி விளையாடினார்கள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சின்ன வயதில் மகளை இங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டுமா என்று ஒரு பக்கம். விட்டுவிட்டால் ஒரு வழி பிறந்துவிடுமே என்று இன்னொரு பக்கம்.

அங்கிருந்த பெரியவர் மகளைத் திரும்பி நிற்க வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டைத் தட்டினார். அவள் சட்டென்று திரும்பினாள். தள்ளிப் போய் மணியை லேசாக ஆட்டினார். அதற்கும் திரும்பினாள், சிரித்தாள். என் மகள் அவ்வளவு சமர்த்தாக எங்கேயும் நின்றதில்லை. நான் பெருமையோடு அவரைப் பார்த்தேன். என்ன மடத்தனம்!

"காது அருமையா கேக்குதும்மா. இது காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடம். இங்க சேத்துக்க முடியாது."

"பேச்சு வரலைங்களே."

"காது கேக்குற பிள்ளைய பேசுற பிள்ளைங்களோடதான் விடணும். உங்க ஊருல பால்வாடி இல்லையா?"

இருக்கிறது என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பஸ் ஏறித் திரும்பி வந்தோம். கணவாயில் அவள் மறுபடியும் வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை நான் துடைக்கக்கூட இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காது கேட்டால் அங்கே இடமில்லை, பேச்சு வராவிட்டால் இங்கே இடமில்லை. கேட்டும் பேசாமல் இருக்கிற பிள்ளை எங்கேதான் போவது? பக்கத்து ஊர்ப் பால்வாடிகளில் கேட்டேன். "உங்க ஊர்லயே இருக்குதே, இங்க ஏன் வரீங்க?" என்றார்கள். ஏரியூரில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே ஒரு டீச்சர் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள் என்று அங்கேயும் ஓடினேன். அந்த டீச்சர் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அக்கா சோறு போட்டாள். தின்றுவிட்டுத் திரும்பினேன்.

பிறகு ஒரு நாள் எங்கள் ஊர் டீச்சரிடமே போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறந்தால் சண்டை வரவில்லை. "எனக்குக் காலு ஓஞ்சி போச்சு தாயி" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். ஆயாம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். டீச்சர் பதிவேட்டை மூடி வைத்தாள்.

"ஒண்ணு பண்ணலாங்கக்கா. பிள்ளை வந்து உக்காரட்டும், சாப்பிடட்டும். ஆனா பேரு எழுத மாட்டேன். மேலேர்ந்து சூப்பர்வைசரம்மா வருவாங்க. வந்தா ஒவ்வொரு பிள்ளையா நிக்க வெச்சி பாட்டு சொல்லச் சொல்லுவாங்க. உங்க பிள்ளை முழிச்சிட்டு நின்னா எனக்குத்தான் கெட்ட பேரு. அதனால ஜீப்பு வந்தா அனுப்பிருவேன். நீங்க வேலிகிட்ட நின்னு வாங்கிக்கணும். சரிங்களா?"

சரி என்றேன். சரி என்று சொல்லாமல்? காலில் விழச் சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பேன்.

இப்படித்தான் அவள் பால்வாடிக்குப் போனாள். எங்கள் மண் பாதையில் அப்போது வண்டி வருவதே அபூர்வம். ஜீப் தார் ரோட்டிலிருந்து பிரிகிற இடத்திலேயே உறுமல் கேட்டுவிடும். கேட்டதும் டீச்சர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவாள். ஆயாம்மா வேலிச் சந்து வழியாக அவளை என் பக்கம் தள்ளிவிடுவாள், தட்டோடு. சில நாள் தட்டில் சோறும் சாம்பாரும் இருக்கும். பாதி தின்ற வாயோடு வருவாள். ஜீப் திரும்பிப் போன பிறகு அதே சந்து வழியாக அனுப்பி வைப்பேன். திருட்டுக் கோழியைக் கைமாற்றுகிற மாதிரி என் மகளை நாங்கள் மூன்று பேரும் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

கணவரிடம் பொருமினேன். "நம்ம புள்ள என்ன திருடிட்டு வந்தவளா? ஊருக்கே சோறு போடற எடத்துல நம்ம புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உக்கார வுடறாங்க இல்ல? அதுவே பெருசு. நீ வாயை வெச்சிகினு சும்மா இரு" என்றார். அவரும் களைத்துப் போயிருந்தார். என் மேல் இருக்கிற எரிச்சலை பஞ்சர் ட்யூபைத் தேய்ப்பதில் காட்டுவார்.

ஆனால் ஒன்று, அவளிடம் மாற்றம் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் பாடினால் இவள் வாய் திறக்காமல் கையையும் தலையையும் சரியாக ஆட்டுவாள் என்று ஆயாம்மா சொன்னாள். சாயங்காலம் வீட்டில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு இலையைப் போட்டு சோறு பரிமாறுவாள். ஒரு நாள் என் கையில் இருந்த கரண்டியைக் காட்டி "தா" என்றாள். கொடுத்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி சொல்லுவாள் என்று கரண்டியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை வந்தது, அது பொய்யில்லை. அப்படியானால் டாக்டர் சொன்னது சரிதான். அவள் அங்கே இருக்க வேண்டும், நாளெல்லாம் இருக்க வேண்டும். இவளுக்கோ அஞ்சு நெருங்கிக்கொண்டிருந்தது. பெயர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை டீச்சர் மாறினால் என்ன செய்வார்கள் என்கிற பயம் எனக்குச் சோறு இறங்க விடவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஜீப்பை மட்டும்தான் நினைத்தோம். ஜீப் ரிப்பேர் ஆகுமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சூப்பர்வைசர் அம்மாள் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். இறங்கியது என் கணவரின் கடை வாசலில்தான். பால்வாடிக்கு நடந்து போகிற குறுக்கு வழியைக் கேட்டிருக்கிறார். இந்த மனுஷன் எழுந்து நின்று கையை நீட்டி வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்!

ஆயாம்மா வேலியருகில் வந்து கையை உதறினாள். "அக்கா, கெட்டுச்சு. அந்தம்மா உள்ளாற உக்காந்துகினு உம் புள்ளகிட்ட பேசிகினு இருக்குது."

ஓடினேன். பிள்ளைகள் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த அம்மாள் என் மகளின் எதிரில் குந்தியிருந்தார்.

"இந்தக் குழந்தை ஏன் பேரு சொல்ல மாட்டேங்குது?"

"அது... பின்னாடி வூட்டுப் பிள்ளைங்க. சும்மா விளையாட வந்துச்சு" என்றாள் டீச்சர்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "சும்மா வரலைங்க. தினமும் வருது. பேச்சு வரலைங்க அதுக்கு. காது கேக்குது, அறிவு இருக்குது, உங்க பாட்டுக்கெல்லாம் கை ஆட்டுது. சேலத்துக்குப் போனா காது கேக்குதுன்னு தொரத்தறாங்க. இங்க வந்தா பேசலைன்னு சேக்கக் கூடாதுங்கறீங்க. நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் வேலி சந்துல பூந்து வூட்டுக்கு ஓடி வருதுங்க, சோத்துத் தட்டோட. இன்னிக்கி நீங்க நடந்து வந்துட்டீங்க, அதான் மாட்டிக்கிச்சு. பண்றதைப் பண்ணுங்க" என்றேன். டீச்சர் வேலைக்கு உலை வைக்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை போல இருந்தது.

"பேச்சு வராத குழந்தையைச் சேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

நான் டீச்சரைப் பார்த்தேன்.

"அப்படி ஒரு உத்தரவும் இல்லையேம்மா" என்று டீச்சரிடம் சொன்னார்.

"முன்னாடி இருந்த டீச்சர் சொன்னாங்க மேடம்" என்றாள் அவள், அழுகிற குரலில்.

முன்னாடி இருந்தவளுக்கு யார் சொன்னார்களோ. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சேலம் பஸ், ஏரியூர் பஸ், புடவை நாற்றம், வேலி முள், எல்லாம் இல்லாத ஒரு உத்தரவுக்காக. எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. "பேரை இப்பவே எழுதச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். எழுதினாள். அந்த அம்மாள் கிளம்பும்போது, "இவளுக்குப் பேச்சு சொல்லித் தர யாராவது வருவாங்களாங்க?" என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் ஆள் இல்லம்மா. தர்மபுரியிலயே இல்லை. இங்க இருக்கட்டும், அதுதான் இருக்கறது" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினேன். வேலிச் சந்து வேண்டாம் என்று தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாகக் கூட்டிப் போய் விட்டேன். வந்துவிடலாம்தான், கால் வரவில்லை. டீச்சர் வருகைப் பதிவு எடுக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று கத்திற்று. என் மகள் கத்த மாட்டாள், தெரியும். கையைத் தூக்கினால் போதும் என்று டீச்சரிடம் பேசி வைத்திருந்தேன். அவள் பெயரை ஒரு பள்ளிக்கூடத்தில் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

டீச்சர் வாசித்தாள். முழுப் பெயரையும் நன்றாக, நிறுத்தி வாசித்தாள்.

மகள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் பின்பக்கமாகப் போய், குனிந்து, வேலிச் சந்தில் நுழைந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஐயோ" என்றாள் டீச்சர். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட ஒரே ஆள் டீச்சர், அதுவும் ஜீப் வருகிற நாளில் மட்டும். அவளுக்குத் தெரிந்தவரை அந்தப் பெயருக்கு அர்த்தம், எழுந்து வீட்டுக்குப் போ.

நான் போய்ப் பார்த்தபோது வாசற்படிக்கு உள்ளே தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஜீப் வருகிற நாட்களில் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையைப் பிடித்து இழுத்து, கதவைக் காட்டினாள். சாத்து என்கிறாள். "இனிமே வேணாண்டி, இனிமே ஒளிய வேணாம்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கதவைக் காட்டினாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு, மறுபடி தெருவைச் சுற்றி நடந்தேன். மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டீச்சர் பெயரை வாசித்தாள். மகள் எழுந்து தட்டை எடுத்தாள்.